சாய்ந்த கதிரை நடுவில் வைத்துத் தத்துவம் பேசுவது எப்படி?

மனிதன் யார், ஊர் என்பது எது, துன்பம் எங்கிருந்து வருகிறது என்று நாலு பேர் உட்கார்ந்து பேசத் தொடங்கினால், காவிரி டெல்டாவில் அரை மணி நேரத்துக்குள் ஒருவர் சொல்லிவிடுவார்: "எல்லாம் ஒண்ணுதாங்க, பேருதான் வேற." சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அதோடு பேச்சு செத்துவிடும். பிறகு டீ வரும், ஆள் கலையும்.

எல்லாம் ஒன்று என்று இந்த ஆற்றங்கரை ஒருநாளும் நினைத்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பெண் மணிமேகலை வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரை பத்துச் சமயவாதிகளிடம் வரிசையாகப் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் அருணந்தி சிவாசாரியார் தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால், பதினான்கு பிற கொள்கைகளை எடுத்து மறுக்கும் பரபக்கத்தை வைக்கிறார். அதே மண்ணில்தான் ராஜராஜன் காலத்தில், ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் எழுதி வைக்கப்பட்டது. சண்டையும் நடந்தது, மானியமும் நடந்தது. வேற்றுமையை மறைக்காமல் பக்கத்தில் உட்கார வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. அந்த வழக்கத்தை ஒரு சிறிய வாசிப்பு வட்டமாக நடத்தும் முறை இது: ஆறு அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம்.

காலமும் இடமும்

சம்பா, தாளடி அறுவடை முடிந்த பிறகு தொடங்குங்கள். மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை ஆள் கிடைப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆறு அமர்வும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, குறுவைக்கு நாற்றங்கால் வேலை ஆரம்பித்துவிட்டால் யாரும் வரமாட்டார்கள். நேரம் மாலை 6.30. ரமலான் மாதம் இந்த இடைவெளியில் விழுகிறதா என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு "அந்தத் தெருவிலிருந்து யாரும் வரலையே" என்று பிறகு அங்கலாய்ப்பதில் பொருளில்லை.

இடத்தைத் தேர்வதில்தான் பலரும் முதல் தவறைச் செய்கிறார்கள். கோயில் மண்டபம் காற்றோட்டமாக இருக்கும், வாடகையும் கிடையாது. ஆனால் அங்கே வரத் தயங்குகிறவர்கள் இருந்தால், ஊர் என்றால் என்ன என்ற கேள்விக்கு நீங்கள் வாய் திறக்கும் முன்பே பதில் சொல்லியாகிவிட்டது. சர்ச் ஹால், மதரசா, கட்சி அலுவலகம், யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஊர்ப்புற நூலகம், பள்ளிக்கூட வகுப்பறை, ஊராட்சி சேவை மையக் கட்டடம் ஆகியவற்றில் ஒன்றைக் கேளுங்கள். உட்காருவது வட்டமாக, எல்லாரும் பாயில், அல்லது எல்லாரும் நாற்காலியில். பாதிப் பேர் நாற்காலி, மீதிப் பேர் தரை என்று ஆனால் யார் எங்கே உட்காருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். டீக்கு ஒரே மாதிரி டம்ளர்.

ஆட்கள் 8 முதல் 12 வரை. ஆறுக்குக் குறைந்தால் வாதம் இருவருக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். பதினைந்தைத் தாண்டினால் அது சொற்பொழிவு ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்காவது வயல் வேலையோடு நேரடித் தொடர்பு உள்ளவர்களாக இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர் வந்தால் நல்லதுதான். எப்படியும் பகுதியை வாய்விட்டு இரண்டு முறை படிக்கப் போகிறோம். பழைய நூல்களின் மூலம் மதுரைத் திட்டத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. அமர்வுக்கு ஒரு தாளுக்கு மேல் நகல் எடுக்காதீர்கள். இரண்டாவது தாளை யாரும் திருப்புவதில்லை.

ஒரே வழக்கு

கொள்கையிலிருந்து தொடங்கினால் கொள்கையிலேயே நிற்கும். ஒரே ஒரு துன்பத்தை எடுத்து, ஆறு அமர்விலும் அதையே நடுவில் வையுங்கள். இந்தப் படுகைக்குப் பொருந்தும் வழக்கு ஒன்று இதோ. கற்பனைதான், ஆனால் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

தை மாதம். சம்பா அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது மழை பிடித்து மூன்று நாள் விடாமல் பெய்கிறது. கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்து முளைத்துவிட்டது. நிலம் கோயிலுக்குச் சொந்தம், பயிரிட்டவர் குத்தகைக்காரர். டயர் வைத்த அறுவடை மெஷின் வயலில் இறங்காது, பெல்ட் மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை ஏறுகிறது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. நிவாரணத்துக்கு எழுதிக்கொடுக்க அடங்கல் (யார் என்ன பயிரிட்டார் என்ற கிராமப் பதிவு) வேண்டும். அடங்கலில் அவர் பெயர் இல்லை. பக்கத்துத் தெருவில், அந்த வயலில் நடவு நட்ட பெண்ணுக்கு இந்த மாதம் கூலியே இல்லை. அவருக்கு எந்தப் பதிவேட்டிலும் நஷ்டமும் இல்லை.

கடைசி இரண்டு வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் எல்லாப் பதிலும் குத்தகைக்காரரைச் சுற்றியே வரும்.

சார்ட் தாளில் கோடு போட்டு மேலிருந்து கீழாக நான்கு பத்தி பிரித்து, மேலே இந்த நான்கு கேள்வியை எழுதுங்கள்: நோவது யார்? அவரோடு நோவது யார்? நோவு எங்கிருந்து வந்தது? நாளைக் காலை யார் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு அமர்விலும் ஒரு கொள்கைக்கு ஒரு வரிசை. வரிசை முடிந்ததும் மடித்து வைத்துவிடுங்கள். அடுத்த அமர்வில் பழைய வரிசையைக் காட்டக் கூடாது, காட்டினால் அதைப் பார்த்தே பதில் எழுதுவார்கள்.

நாலாவது கேள்விதான் உரைகல். சில கொள்கைகளிடம் அதற்குப் பதில் பளிச்சென்று இருக்கும், சிலவற்றிடம் இருக்காது. இல்லாத இடத்தை வெறுமையாக விடுங்கள். "அவங்க சொல்லியிருந்தா இப்படித்தான் சொல்லியிருப்பாங்க" என்று நிரப்பாதீர்கள்.

90 நிமிடத்தில் முதல் 15 வாசிப்பு. அடுத்த 30 நிமிடம் பரபக்கம்: அந்தக் கொள்கையை ஏற்காத ஒருவர் அதைத் தம் சொல்லில் எடுத்துச் சொல்ல வேண்டும், ஏற்பவர் "ஆமாம், நாங்க சொல்றது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் வரை வாதம் தொடங்கக் கூடாது. அடுத்த 30 நிமிடம் வாதம். கடைசி 15-இல் சார்ட்டை நிரப்புவது. ஏற்பவர் யாரும் வட்டத்தில் இல்லை என்றால் (பௌத்தத்துக்கு அப்படித்தான் ஆகும்) ஒருவரை முன்கூட்டியே அந்த இடத்துக்கு ஆயத்தப்படுத்துங்கள்.

முதல் அமர்வு: உடற்கு அழுதனையோ, உயிர்க்கு அழுதனையோ

மணிமேகலையின் சிறைவிடு காதையிலிருந்து தொடங்குங்கள். மகன் உதயகுமரனை இழந்த அரசி, அதற்குக் காரணம் என்று மணிமேகலையைப் பிடித்து வதைக்கிறாள். வதை எதுவும் பலிக்காமல் அரசி அழும்போது மணிமேகலை கேட்கிறாள்: "உடற்கழு தனையோ உயிர்க்கழு தனையோ?" உடலுக்காக என்றால், அதை எடுத்துக்கொண்டுபோய்ப் புறங்காட்டில் இட்டது யார்? உயிருக்காக என்றால், அது வினைவழியே எங்கே புகுந்தது என்று அறிய முடியாது, அந்த உயிரிடம் உனக்கு அன்பு இருக்குமானால், "எவ்வுயிர்க் காயினும் இரங்கல் வேண்டும்."

எங்கள் மதிப்பில், மனிதன், சமூகம், துன்பம் மூன்றும் இவ்வளவு குறைந்த அடியில் முடிச்சுப்போட்டு வேறெங்கும் கிடைப்பதில்லை. "இவன் என் மகன்" என்ற எல்லைக்கோட்டை அவள் அழிக்கிறாள். கோடு அழிந்ததும் இரக்கம் போய்விடவில்லை, ஊர் அளவுக்குப் பரந்துவிட்டது.

பிறகு ஒரு பயிற்சி, 10 நிமிடம் போதும். காப்பியத்தின் கடைசிக் காதை மனிதனை ஐந்து கந்தமாக, அதாவது ஐந்து கூறாக, பிரிக்கிறது: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. "நான் நஷ்டப்பட்டேன்" என்ற குத்தகைக்காரர் சொல்லை இந்த ஐந்தாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். தண்ணீரில் நிற்கிற கால், உருவு. வயிற்றில் பிசைகிறது, நுகர்ச்சி. "இது நஷ்டம்" என்று அடையாளம் காண்பது குறிப்பு. இரவு முழுக்கக் கடன் கணக்கை மனம் ஓட்டிக்கொண்டே இருப்பது பாவனை. இவை நடப்பது தெரிகிறதே, அது அறிவு. ஐந்தையும் எழுதிவிட்டு, மீதி "நான்" எங்கே என்று கேளுங்கள். அதே காதையில், ஒன்றைச் சார்ந்து அடுத்தது தோன்றும் என்று வரும் பன்னிரண்டு சார்பில் (பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன்) நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் விரலை வைத்துக் காட்டுங்கள். வெட்ட வேண்டிய இடம் அது என்பது பௌத்தத்தின் கூற்று. மழை நிற்காது, வயிறு பிசைவதும் நிற்காது. அதிலிருந்து கிளம்பும் சங்கிலியை நிறுத்தலாம்.

இங்கே வழக்கமாக நேரும் பிசகு: "ஆளே இல்லைன்னா யாருக்கு வலிக்குது, எதுக்கு உதவணும்?" இது குதர்க்கமாகத் தெரிந்தாலும் நியாயமான கேள்வி, அடக்கிவிடாதீர்கள். விடை அதே நூலில் இருக்கிறது. ஆள் இல்லை என்று சொன்ன அதே காப்பியம்தான் அமுதசுரபியைக் கையில் கொடுக்கிறது, "உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே" என்கிறது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் சொல்கிறது. ஆகவே நாலாவது பத்தியில் எழுத வேண்டியது: நாளைக் காலை அடுப்பு எரியட்டும், குத்தகைக்காரர் வீட்டிலும் நடவுப் பெண் வீட்டிலும். அடங்கலைப் பற்றி இந்த வரிசையில் ஒன்றும் வராது. அதை வெறுமையாகவே விடுங்கள்.

நேரம் இருந்தால் பூதவாதியையும் தொட்டுக்கொள்ளலாம். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்த்து ஊறவைத்தால் கள்ளின் களிப்பு பிறக்கிற மாதிரி, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறார் அவர். கண்டதை மட்டுமே ஏற்பேன் என்கிறவரிடம், உன் தாய் தந்தை இவர்தான் என்பதை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை மடக்குகிறாள். சிரிப்பு வரும். இறுக்கம் தளர அது உதவும்.

இரண்டாவது: எனது உடல்

சைவ சித்தாந்தத்துக்குத் திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மடங்கள் இருக்கிற பூமி இது. ஆகவே வட்டத்தில் ஒருவராவது விஷயம் தெரிந்தவர் இருப்பார். அதுவே சிக்கலும். அவர் பேசத் தொடங்கினால் 90 நிமிடமும் அவருடையதுதான். பரபக்க விதி இங்கேதான் கைகொடுக்கும்: தெரிந்தவர் கேட்க வேண்டும், தெரியாதவர் சொல்ல வேண்டும்.

சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தில் சூத்திரங்கள் 12. மூன்றாவது சூத்திரம் ஒன்றே இந்த அமர்வுக்குப் போதும். "உளதிலது என்றலின், எனதுடல் என்றலின்" என்று தொடங்கி, மாயையால் ஆன இந்த உடற்பொறிக்குள் ஆன்மா ஒன்று உண்டு என்பதற்குக் காரணங்களை அது அடுக்குகிறது. இல்லை என்று சொல்கிற ஒன்று இருக்கிறதே. "என் உடம்பு" என்கிறோமே, என்னுடைய வீடு நானில்லை என்பது போல என்னுடைய உடம்பும் நானில்லையே. உறக்கத்தில் உடம்பு கிடந்தாலும் உண்பதும் செயலும் இல்லையே. இதை முதல் அமர்வின் ஐந்து கந்தத்தோடு நேருக்கு நேர் மோதவிடுங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "என் உயிர்னும் சொல்றோமே, அப்ப உயிரும் நான் இல்லையா?" அருமையான இடம் இது. பேச்சு வழக்கை வைத்துப் பொருளை நிறுவ முடியுமா என்பதே கேள்வி. சித்தாந்தி தம் மற்றக் காரணங்களுக்குப் போக வேண்டியிருக்கும். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சிவஞான முனிவர் 18-ஆம் நூற்றாண்டில் இந்த 12 சூத்திரத்துக்கு மாபாடியம் என்ற பெயருக்கேற்ற பெரிய உரையை எழுத வேண்டியிருந்தது.

துன்பத்துக்கு உமாபதி சிவத்தின் திருவருட்பயனிலிருந்து ஒரே குறள்: "ஒருபொருளுங் காட்டா திருளுருவங் காட்டும் / இருபொருளுங் காட்டா திது." இருட்டு எந்தப் பொருளையும் காட்டாது, ஆனால் தான் இருட்டு என்பதையாவது காட்டும். உயிரை மறைக்கும் மலமான ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. கரண்ட் போனால் கரண்ட் போனது தெரிகிறது. ஆணவம் மறைப்பது தெரிவதே இல்லை. ஆணவம் தொடக்கமில்லாதது. உடம்பும் உலகமும் வினையின் பயனும் அந்த மலம் பழுத்து விலகுவதற்கு இறைவன் தருவன. பெற்றவர்கள் பிள்ளையை அடிப்பதிலும் பரிவே உள்ளது என்பது சிவஞான சித்தியாரின் உவமை.

இப்போது எச்சரிக்கை. இந்த உவமையைச் சாய்ந்த வயலில் வைத்ததும் ஒருவர் "அவன் செஞ்ச வினை" என்பார். நடவுப் பெண்ணின் வெறும் கையைக் காட்டியும் அதையே சொல்ல முடியும். அந்த நொடியில் வட்டத்தில் சிலர் வாயை மூடிக்கொள்வார்கள், அடுத்த அமர்வுக்கு வரவும் மாட்டார்கள். ஆகவே முதலிலேயே விதி ஒன்று வையுங்கள்: வினை என்ற சொல்லைத் தன்னைக் குறித்து மட்டும் சொல்லலாம், அடுத்தவர் துன்பத்துக்கு விளக்கமாகச் சொல்லக் கூடாது. இது நூலில் இருக்கும் விதி இல்லை, வட்டத்தின் விதி. சித்தாந்தம் படித்த பலர் இதை ஏற்பார்கள், ஏனென்றால் தன் மலத்தை அறிவதுதான் அந்தக் கல்வியின் நோக்கம்.

ஊர் என்ற கேள்விக்குப் பன்னிரண்டாம் சூத்திரத்தில் "அன்பரொடு மரீஇ" என்ற இரண்டு சொல் இருக்கின்றன. உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. ஆகவே யாரோடு சேர்கிறோம் என்பது அலங்காரமில்லை, உயிரின் நிறமே அதில்தான் இருக்கிறது. பௌத்தத்தில் எல்லை கரைந்ததால் ஊர் பரந்தது. இங்கே சேர்க்கையால் ஊர் உண்டாகிறது. இந்த ஒரு வேற்றுமை சார்ட்டில் தெளிவாக விழுந்துவிட்டால் அமர்வு பலித்தது.

வைணவம் தெரிந்தவர் இருந்தால், உயிரும் உலகமும் இறைவனுக்கு உடம்பு என்ற ராமானுசரின் கருத்தையும், குரங்குக்குட்டி தாயைப் பற்றுவதா, பூனைக்குட்டியைத் தாய் கவ்வுவதா என்ற வடகலை தென்கலை உவமையையும் ஒரு பத்து நிமிடம் சேர்க்கலாம். தனி அமர்வு வைத்தால் நாமச் சண்டையில் முடிகிறது.

மூன்றாவது: நந்தனார் இரண்டு பேர்

ஆதனூர் நந்தனாரைப் பெரியபுராணத்திலும், ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் பாடிய சரித்திரக் கீர்த்தனையிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சேக்கிழாரிடம் பண்ணையார் கிடையாது. தில்லைக்குப் போகத் தடையாக நிற்பது பிறப்பைப் பற்றிய நந்தனாரின் சொந்தத் தயக்கம். அதனால்தான் நாளைப் போவேன், நாளைப் போவேன். பாரதியாரிடம் வேதியர் ஒருவர் நிலச் சொந்தக்காரராக வருகிறார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி ஏறக்குறைய 6.67 ஏக்கர், நாற்பது வேலி என்றால் 265 ஏக்கருக்கு மேல். கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள், அறையில் ஒரு சத்தம் எழும்.

ஒரே மனிதர், ஒரே ஏக்கம். ஒன்றில் துன்பம் பிறவியில் இருக்கிறது, மற்றொன்றில் வேலை வாங்குகிறவன் சொல்லில் இருக்கிறது. மூன்றாவது பத்தியில் இரண்டு பதிலையும் எழுதுங்கள். நான்காவதில் இரண்டு நூலுக்கும் அதிசயம்தான் விடை: திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது, பாரதியாரிடம் ஒரே இரவில் பண்ணை விளைந்துவிடுகிறது. மனிதர் யாரும் எதுவும் செய்யவில்லை. இதைச் சுட்டிக்காட்டிவிட்டுச் சும்மா இருங்கள். வட்டம் தானாகப் பேசும். தில்லையில் தீயில் புகுந்ததைப் பற்றியும் அவர்களே எடுப்பார்கள்.

நான்காவது: யோபு, அய்யூப்

நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் மதம் பார்க்காமல் போய்வருகிற மக்கள், அந்த இரண்டு மதமும் துன்பத்தைப் பற்றி என்ன சொல்கின்றன என்று கேட்டிருக்க மாட்டார்கள். பைபிளின் யோபும் குர்ஆனின் அய்யூப் நபியும் ஒருவரே. அதனால் ஒப்பிடுவது எளிது. யோபு வழக்காடுகிறார், நான் செய்த குற்றம் என்ன என்று கடவுளிடமே கேட்கிறார், "நீ ஏதோ செய்திருப்பாய்" என்கிற நண்பர்களைக் கடைசியில் கடவுளே கண்டிக்கிறார். அய்யூப் நபி, துன்பம் என்னைத் தீண்டிவிட்டது, நீ கருணையாளர்களில் மிகப் பெரிய கருணையாளன் என்று மட்டும் இறைஞ்சுகிறார். ஒருவரிடம் வழக்கு, மற்றவரிடம் பொறுமை. "ரெண்டும் ஒண்ணுதான்" என்று இங்கேயும் ஒருவர் சொல்வார். மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது அமர்வோடு இணைக்கப் பிறவிக் குருடரைப் பற்றி யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம்: இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்க, இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. முன்வினை என்ற கணக்குப் புத்தகமே அங்கே மூடப்படுகிறது. அதற்குப் பதில் வேறு கடினமான கேள்வி திறக்கிறது, அப்படியானால் ஏன்? இதையும் மழுப்பாதீர்கள்.

இஸ்லாத்தில் அச்சம், பசி, பொருள், உயிர், விளைச்சல் ஆகியவற்றின் இழப்பால் சோதிப்போம் என்று அல்பகரா அத்தியாயத்தில் வருகிறது. விளைச்சல் என்ற சொல்லில் வட்டம் நிமிர்ந்து உட்காரும். நாலாவது பத்திக்கு விளைச்சலின் ஜகாத்தை, அதாவது ஏழைக்குக் கொடுத்தே ஆக வேண்டிய பங்கை, எடுங்கள்: மழையாலும் ஆற்றாலும் தானாகப் பாய்ந்த நிலத்தில் பத்தில் ஒன்று, உழைத்து இறைத்த நிலத்தில் இருபதில் ஒன்று. முறை வைத்து வாய்க்காலில் வரும் காவிரித் தண்ணீர் எந்தக் கணக்கு, போர் போட்டு மோட்டார் ஓட்டினால் எந்தக் கணக்கு என்று கேட்டுப் பாருங்கள். பக்தி பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் விவசாயியாக மாறி வாதாடுவார்கள். ஏழையின் பங்கு என்பது தயவு இல்லை, விளைச்சலுக்குள்ளேயே இருக்கும் உரிமை என்ற கருத்து அந்த வாதத்தின் வழியாகத் தானே இறங்கும்.

ஐந்தாவது: கூலியும் சங்கமும்

மார்க்சிய நோக்கில் தனி மனிதன் என்று பிரித்தெடுக்க ஒருவன் இல்லை. உழைப்பு உறவுகளில்தான் மனிதன் இருக்கிறான். துன்பம் செய்யப்பட்டது, ஆகவே நீக்கக் கூடியது. கீழத்தஞ்சையில் இதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை. பண்ணையாளுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் (சாணி கரைத்த தண்ணீரைக் குடிக்க வைப்பது) எதிராகச் சங்கம் கட்டியதும், 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் இங்கேதான். அம்பேத்கரையும் இதோடு சேருங்கள்: 1957-இல் வெளிவந்த தம் பௌத்த நூலின் முன்னுரையில், துன்பத்தைப் பற்றிய நான்கு உயர் உண்மைகள் புத்தரின் மூல போதனையா என்றே அவர் கேட்டார், துன்பத்தை மனிதன் மனிதனுக்குச் செய்யும் அநீதியாகப் படித்தார். முதல் அமர்வின் பௌத்தமும் இந்தப் பௌத்தமும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பேச ஒரு 20 நிமிடம் தனியாக ஒதுக்குங்கள்.

இங்கே நாலாவது பத்தி நிரம்பி வழியும்: அடங்கலில் பயிரிட்டவர் பெயர் ஏற வேண்டும், நிவாரணத்தில் கூலித் தொழிலாளிக்குக் கணக்கு வேண்டும், மனு எழுத வேண்டும். முதல் பத்தியில்தான் தடுமாற்றம் வரும். மகன் செத்துப்போன அரசிக்கு இந்த வரிசை என்ன சொல்லும்? சங்கத்தில் இருந்த மூத்தவர்கள் இதற்கு நேர்மையாகத் திணறுவார்கள். திணறட்டும்.

கீழ்வெண்மணியைப் பற்றிப் பேசும்போது நிதானம் தேவை. 1968 டிசம்பர் 25 இரவு அந்த ஊரில் ஒரு குடிசைக்குள் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973-இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது. அதை ஆறு வரிசையிலும் பொருத்திப் பார்க்கும் பயிற்சியாக்காதீர்கள். வட்டத்தில் அந்தப் பக்கத்து உறவுக்காரர் இருக்கக் கூடும். யாராவது தாமாக எடுத்தால் அவர் சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள். அந்த அமர்வில் சார்ட்டை எடுக்க வேண்டாம்.

இதே விதி புதிதாகச் சாவு நடந்த வீட்டுக்காரருக்கும் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவர் தத்துவம் கேட்க வந்திருக்க மாட்டார். அன்றைக்கு வாசிப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆறாவது: இடம் மாறி உட்காருவது

சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஒவ்வொருவரும் தம்முடையது அல்லாத ஒரு கொள்கையை எடுத்து, குத்தகைக்காரரிடமும் நடவுப் பெண்ணிடமும் பேசுவதாக 5 நிமிடம் பேச வேண்டும். இரண்டு பேர் அந்த இருவராக உட்கார்ந்து குறுக்கே கேள்வி கேட்கட்டும். நடவுப் பெண்ணின் இடத்தில் வயலில் இறங்கிய பெண் ஒருவர் உட்கார்ந்தால் நல்லது. வழவழா பேச்சு அவரிடம் செல்லாது. ஓதுவார் மார்க்ஸைப் பேசும்போதும், சங்கத்துக்காரர் திருவருட்பயனைப் பேசும்போதும் கிண்டலாகப் போகிற ஆபத்து உண்டு. அந்தக் கொள்கைக்காரரை எதிரில் உட்கார வைத்து, "நான் சொன்னது சரியா?" என்று கேட்டுவிட்டு முடிக்கச் சொன்னால் கிண்டல் அடங்கும்.

பிறகு மடித்து வைத்த சார்ட்டை முழுவதும் விரியுங்கள். வெறுமையான கட்டங்களைச் சிவப்பு மையில் சுற்றுங்கள். சிலர் ஒரு வரிசையின் முதல் பத்தியையும் இன்னொன்றின் நாலாம் பத்தியையும் சேர்த்துத் தமக்கென்று ஒன்று கட்டப் பார்ப்பார்கள்; ஆன்மா இல்லை என்பதையும் முன்வினை தீர்ந்து தூய்மையாகும் ஆன்மாவையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் எங்கே இடிக்கிறது என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள். முடிவு எதிலும் கையெழுத்து வாங்க வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம். சார்ட்டை நூலகச் சுவரில் மாட்டி, கீழே ஒரு நூலில் பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். மழைச்சாரல் படாத சுவராகப் பாருங்கள், ஐப்பசியில் நனைந்துவிடும்.